பெயிண்ட் உடையாத மூடி

மலைச்சரிவுகளில் அங்கங்கே நட்டுவைத்திருந்த ஒன்பது மழைமானிகளையும் வாரத்துக்கு இரண்டு முறை போய்ப் பார்த்து, எத்தனை மில்லிமீட்டர் என்று குறித்துக்கொண்டு வந்து நீர்வள அலுவலகத்தில் கொடுப்பதுதான் அவள் வேலை. இருபத்திரண்டு வருடமாக இதையே செய்ததில் அவளுடைய சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் மிச்சமிருந்தது. மற்ற எல்லோருக்கும் அவள் மழையக்கா. துணி காயப்போடுகிறவர்கள்கூட வாசலில் நின்று, "மழையக்கா, இன்னிக்கு வருமா வராதா?" என்று கேட்பார்கள். "பெஞ்ச மழையைத்தான் நான் அளப்பேன். பெய்யப் போறது எனக்கெப்படித் தெரியும்?" என்பாள். யாரும் நம்புவதில்லை.

மழைமானிகளுக்குப் போகும் பாதை பாதையே அல்ல. கல், சேறு, இரண்டு இடத்தில் ஓடை. அதனால் நாலு சக்கரமும் இழுக்கிற பழைய ஜீப் ஒன்றை ஆறு வருடத்துக்கு முன்னால் ஏலத்தில் எடுத்திருந்தாள். விற்றவர்கள் பழசு தெரியாமலிருக்க மேலே கீழே என்று பார்க்காமல் சாம்பல் நிறப் பெயிண்டை அடித்துத் தள்ளியிருந்தார்கள். அடிப்பக்கத்து இரும்புகூடச் சாம்பல்தான்.

வண்டியைப் பற்றி அவள் ஒருநாளும் கவலைப்பட்டதில்லை. அவள் தம்பிதான் மெக்கானிக். பேருந்து நிலையத்துக்குப் பின்னால் தகரக்கூரை போட்ட பட்டறை. தனியாள். வருடா வருடம் மழைக்காலம் தொடங்கும் முன் வண்டியை அவனிடம் விட்டுவிடுவாள். இரண்டு நாள் கழித்து அவனே ஓட்டிவந்து நிறுத்தி, செய்த வேலையெல்லாம் எழுதிய ஒரு சீட்டையும் கொடுப்பான். எஞ்சின் ஆயில் மாற்றியது, கியர்பாக்ஸ் ஆயில் மாற்றியது, முன் கிரவுன், பின் கிரவுன் ஆயில் மாற்றியது. கிரவுன் என்பது அச்சின் நடுவே பானை மாதிரி உப்பியிருக்கும் பாகம். எஞ்சினின் இழுவையை இரண்டு சக்கரத்துக்கும் பிரித்துக் கொடுக்கும் பல்சக்கரங்கள் அதற்குள்தான் ஆயிலில் முங்கிக் கிடக்கும். அதை அவள் பார்த்ததே கிடையாது. தம்பி பார்த்துக்கொள்கிறான், போதாதா?

அந்த வருடம் ஏழாம் நம்பர் மழைமானிக்குப் போகும் வழியில் ஓடை வழக்கத்தைவிடப் பெருத்திருந்தது. சக்கரம் மூழ்கத் தண்ணீர். எஞ்சின் நிற்கவில்லை, கரையேறிவிட்டாள். ஆனால் திரும்பி வரும்போது வண்டியின் பின்பக்கத்திலிருந்து ஊளை மாதிரி ஒரு சத்தம் கிளம்பியது. வேகம் கூடக் கூட அதுவும் கூடியது.

தம்பி குடும்பத்தோடு மாமியார் வீட்டுக்குப் போயிருந்தான். வர நாலு நாளாகும். இரண்டு நாளில் பெருமழை என்று அலுவலகத்தில் சொல்லியிருந்தார்கள். அந்த நேரத்தில் அளவெடுக்கப் போகாவிட்டால் அவள் வேலைக்கே அர்த்தமில்லை.

"ஆழத் தண்ணியில இறங்கினா அச்சு ஆயிலை உடனே பார்க்கணும்னு போட்டிருக்கு" என்றார் அவள் வீட்டுக்காரர். அவர் அச்சகத்தில் பிழை திருத்துகிறவர். வண்டியின் கையேட்டை அவளுக்கு முன் அவர்தான் அட்டை முதல் அட்டை வரை படித்தவர், பிழை கண்டுபிடிப்பதற்காக.

"பார்த்துட்டா போச்சு. நானே பார்க்கறேன்."

"நீயா?"

"ஏன், மழைமானியைக் கழட்டி மாட்டறவளுக்கு ஒரு மூடியைத் திறக்க வராதா?"

சனிக்கிழமை காலை. ஆயில் சூடாக இருந்தால்தான் நன்றாக வடியும் என்று தெருமுனை வரை ஒரு சுற்று ஓட்டிவந்து, முற்றத்துச் சமதரையில் நிறுத்தி, சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்தாள். உயரமான வண்டி. தூக்கவே வேண்டியதில்லை, பாயை விரித்து மல்லாந்து படுத்து உள்ளே நகர்ந்துவிடலாம். வீட்டுக்காரர் முக்காலி போட்டு உட்கார்ந்து, அரங்கேற்றம் மாதிரி உரக்கப் படித்தார்.

"'ஊற்றும் மூடியை முதலில் திறக்கவும். அது திறக்காவிட்டால் வடியும் மூடியைத் தொடவே வேண்டாம்.' ஏன்னு காரணம் போடலை."

"பழசை வடிச்சிட்டு, புதுசை ஊத்த வழியில்லாம நிக்கக் கூடாதுல்ல?"

"அப்ப அதை எழுதியிருக்கணும். என்கிட்ட வந்திருந்தா ஒரு வரி சேர்த்திருப்பேன்."

ஊற்றும் மூடி அசையவில்லை. ஸ்பேனர் சாவியை மாட்டி இரண்டு கையாலும் இழுத்தாள். வழுக்கியது. சேறு அடைத்திருக்கிறது என்று பழைய கத்தியால் சுரண்டினாள். சேறு போனது. கீழே சாம்பல் நிறம் தெரிந்தது. டார்ச்சைப் பக்கத்தில் கொண்டுபோனாள்.

மூடிக்கும் பானைக்கும் நடுவே கோடே இல்லை. பெயிண்ட் தோல் மாதிரி இரண்டையும் சேர்த்து மூடியிருந்தது. வடியும் மூடியைப் பார்த்தாள். அதுவும் அப்படியே. ஏலத்தில் எடுத்த அன்றைக்கு அடித்திருந்த பெயிண்ட்.

முதலில் அவளுக்கு ஒன்றும் ஓடவில்லை. ஒருவேளை தம்பி ஒவ்வொரு தடவையும் மாற்றிவிட்டு மேலே பெயிண்ட் அடித்துவிடுகிறானோ என்றுகூட நினைத்தாள். பிறகுதான் திக்கென்றது. சாவி பட்ட தடம்கூட இல்லையே. ஆறு வருடம். ஆறு சீட்டு. ஒருவரும் இந்த மூடியைத் தொட்டதே இல்லை.

"என்னாச்சு? பேச்சையே காணோம்" என்றார் வெளியிலிருந்து.

"ஒண்ணுமில்ல. சுத்தியலைக் கொடுங்க."

சாவியின் பிடியில் சுத்தியலால் நாலு போடு போட்டதும் பெயிண்ட் செதில் செதிலாக உதிர்ந்து மூடி கழன்றது. அடியில் தட்டை வைத்து வடியும் மூடியையும் திறந்தாள். வந்தது ஆயிலே இல்லை. பால் அதிகமாக ஊற்றிய டீயின் நிறத்தில், கூழ் மாதிரி, அழுகிய முட்டை நாற்றத்தோடு கொழகொழவென்று இறங்கியது. பாதி வடிந்ததும் தட்டில் 'டங்' என்று ஏதோ விழுந்தது. விரலால் துழாவி எடுத்துத் துடைத்தாள்.

பல். பல்சக்கரத்தின் ஒரு பல், வேரோடு பிடுங்கிய கடைவாய்ப்பல் அளவுக்கு, ஒரு பக்கம் பளபளவென்று உடைந்து. வடியும் மூடியிலிருந்த காந்தம் முள்ளம்பன்றி மாதிரி இரும்புத்தூளைச் சிலிர்த்துக்கொண்டு நின்றது.

படுத்தபடியே அவள் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.  போன வாரம்தான் மேல்குடியிருப்பிலிருந்து பிரசவ வலியெடுத்த ஒரு பெண்ணை இதே வண்டியில் பன்னிரண்டு வளைவும் இறக்கிக் கொண்டுவந்திருந்தாள். இன்னொரு பல் இடையில் சிக்கியிருந்தால் பின்சக்கரம் அப்படியே இறுகி நின்றிருக்கும். ஒரு பக்கம் பாறை. மறுபக்கம் ஒன்றுமே இல்லை.

அன்று அலுவலகத்துக்குப் போன் செய்து, வண்டி ஓடாது, வேறு ஆளை அனுப்புங்கள் என்றாள். இருபத்திரண்டு வருடத்தில் முதல் தடவை. எதிர்முனையில் மேலாளர், "மழையக்காதானே பேசறது?" என்று இரண்டு முறை கேட்டார்.

தம்பி ஊரிலிருந்து திரும்பிய அன்று காலையிலேயே பட்டறைக்குப் போய்விட்டாள். அவன் பூட்டைத் திறந்துகொண்டிருந்தான்.

"வாக்கா. என்ன இவ்வளவு சீக்கிரம்?"

அவள் அந்தப் பல்லை அவன் மேசைமேல் வைத்தாள்.

எடுத்துத் திருப்பிப் பார்த்தான். "எந்த வண்டியோடது?"

"என்னோடது."

"தேஞ்சிருக்கும்கா. பழைய வண்டி. நான் மாத்தித் தரேன்."

"அந்த மூடியில பெயிண்டே உடையலடா."

அவன் அவளைப் பார்க்கவில்லை. மேசைமேல் கிடந்த சாவிகளை அளவுப்படி அடுக்க ஆரம்பித்தான்.

"ஆறு வருஷம் கைப்பட எழுதிக் கொடுத்தியே, மாத்தியது மாத்தியதுன்னு. நான் என்ன யாரோவா? உன் கூடப் பிறந்தவடா! அந்த மலையில நான் வாரா வாரம் என்ன செய்யறேன்னு உனக்குத் தெரியாதா?"

"கத்தாதக்கா."

"கத்துவேன். வா. இந்தா நிக்குது பார் ஒரு வண்டி, இதுக்குக் கீழ போய்ப் படு. எப்படி மாத்தறதுன்னு எனக்குக் காட்டு. இப்பவே காட்டு."

அவன் கையைப் பிடித்து இழுத்தாள். நாற்பத்தெட்டு வயது ஆண், அவளைவிட ஒரு முழம் உயரம், இழுத்த இழுப்புக்கு வந்தான். வண்டியின் பக்கத்தில் முட்டி போட்டான். ஒரு கையைத் தரையில் ஊன்றித் தலையை உள்ளே நீட்டினான். அவ்வளவுதான். அவன் முதுகு நடுங்க ஆரம்பித்தது. சட்டை ஒரு நிமிடத்தில் நனைந்து ஒட்டிக்கொண்டது. நாய் மாதிரி மூச்சு இரைத்து, பின்னாலேயே தவழ்ந்து வெளியே வந்து, சுவரோரமாகக் குமட்டி வாந்தியெடுத்தான்.

மழையக்கா பேயறைந்தவள் மாதிரி நின்றாள். கோபம் போன இடம் தெரியவில்லை. தண்ணீர்ச் செம்பை எடுத்துக் கொடுத்தாள். வாயைக் கொப்பளித்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்தான்.

"அந்த வேன் ஞாபகமிருக்கா? ஜாக்கிலிருந்து நழுவினதே?"

இருந்தது. ஆறரை வருடம் முன்னால். வீட்டில் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அவனே சொன்னான். வேன் மேலே உட்கார்ந்துவிட்டது, எழுந்திருக்க முடியவில்லை, மூக்குக்கு மேல் ஆயில் சொட்டு சொட்டாக விழுந்தது, பக்கத்துக் கடைக்காரர் வந்து ஜாக்கை ஏற்றும் வரை தும்மல் வரக் கூடாதே என்று வேண்டிக்கொண்டிருந்தேன் என்று நடித்தே காட்டினான். எல்லோரும் சிரித்தார்கள். அவளுக்குப் புரையேறியது, அவ்வளவு சிரிப்பு.

"முக்கா மணி நேரம்கா. நெஞ்சு மேல. மூச்சை விட்டா திரும்ப இழுக்க இடமில்ல. கத்தக்கூட முடியல."

"ஏன்டா அப்பவே சொல்லல?"

"சொன்னேனே. நீங்கதான் சிரிச்சீங்க."



மெல்ல மெல்ல எல்லாம் வந்தது. எஞ்சின் ஆயிலை மேலேயிருந்தே மாற்றலாம். அளவுக்குச்சி போகும் குழாயில் மெல்லிய ரப்பர் குழாயை விட்டு பம்பால் உறிஞ்சிவிடுவான். பிரேக், வயர் எல்லாம் பக்கவாட்டில் உட்கார்ந்தே செய்துவிடுவான். ஆனால் கியர்பாக்ஸுக்கும் கிரவுனுக்கும் கீழே படுத்தே ஆகவேண்டும். முதல் தடவை, அடுத்த வாரம் செய்துவிடலாம் என்று சீட்டில் மட்டும் எழுதினான். அடுத்த வாரம் முடியவில்லை. அதன் பிறகு எழுதுவது பழகிப்போய்விட்டது.

"ஒரு ஆளை வெச்சிருக்கலாமேடா!"

"நீ ஏன் படுக்க மாட்டேங்கறன்னு கேட்பானேக்கா."

"உன் பெண்டாட்டிக்குத் தெரியுமா?"

தெரியாது. மதியச் சாப்பாடு கொண்டுவந்தபோதுதான் தெரிந்தது. கூடையைக் கையில் பிடித்தபடியே முழுவதும் கேட்டாள். "கட்டிலுக்கடியில உருண்ட டப்பாவைக்கூட என்னைத்தான் எடுக்கச் சொல்வார் அண்ணி. சோம்பேறின்னு திட்டியிருக்கேன்" என்றாள். 

மழையக்காவுக்குத்தான் அடுத்த கேள்வி வந்தது. 

"என்னோடது மட்டும்தானா?"

அவன் இல்லையென்று தலையை ஆட்டினான்.

"எத்தனைடா?"

"மலைக்குப் போற வண்டி பதினொண்ணு. உன்னோடதையும் சேர்த்து."

அந்த நிமிடமே உட்காரவைத்துப் பட்டியல் எழுதவைத்தாள். ஓட்டிக்கொண்டிருக்கிறவர்கள் எல்லோருக்கும் அவளே போன் செய்து, வண்டியை எடுக்காதீர்கள், பட்டறையில் ஒரு தவறு நடந்துவிட்டது, வந்து சரிசெய்கிறோம் என்றாள். சிலர் நன்றி சொன்னார்கள். ஒருவர் கெட்ட வார்த்தையில் திட்டினார். கேட்டுக்கொண்டாள். அலுவலகத்தில் லீவு போட்டுவிட்டு தம்பியையும் கூட்டிக்கொண்டு வீடு வீடாகப் போனாள்.

கீழே படுப்பது அவள். அவன் வண்டிக்கு இரண்டடி தள்ளி முக்காலியில் உட்கார்ந்து சொல்வான். அவளுக்கு அவன் செருப்பு மட்டும் தெரியும். "இப்ப வலப்பக்கத்து மூடி. பழைய செம்பு வாஷரைத் தூக்கிப் போட்டுடு, புதுசைப் போடு. ஊத்து, ஊத்து... ஓட்டையிலிருந்து திரும்ப வழியுற வரைக்கும் ஊத்து." வேலை தெரியாதவன் இல்லை அவன். கண்ணால் பார்க்காமலே சாவியின் சத்தத்தை வைத்து, "இன்னும் கால் திருப்பு போதும், இறுக்கிக் கொல்லாத" என்பான். அதைக் கேட்கக் கேட்க அவளுக்கு இன்னும் ஆத்திரம் வந்தது. இவ்வளவு தெரிந்தவனா இப்படிச் செய்தான்!

ஏழாவதாகப் போனது, போனில் கிடைக்காத மரக்கடைக்காரர் வீட்டுக்கு. வண்டி அங்கே இல்லை.

"அது போய் மூணு வருஷமாச்சே" என்றார் அவர். "ஏத்தத்துல கியர்பாக்ஸ் இறுகிப் போச்சு. என் பையன்தான் ஓட்டினான். முரட்டுத்தனமா கியர் போட்டு உடைச்சிட்டான். நல்லவேளை, ஏத்தம்கிறதால மெல்லத்தான் போனான். பாறையில இடிச்சு நின்னுச்சு. உடைஞ்சதை வந்த விலைக்குத் தள்ளிட்டேன்."

தம்பி அவர் முன்னால் நின்று, மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னான். அவன் வாயாலேயே சொன்னது அதுதான் முதல் தடவை.

மரக்கடைக்காரர் அடிப்பார் என்று மழையக்கா எதிர்பார்த்தாள். அவர் அடுக்கிவைத்த பலகைமேல் உட்கார்ந்தார். "நான் அவனை அறைஞ்சேன்" என்றார். "தெருவில வெச்சு. அத்தனை பேர் பார்க்க. சாவியைப் பிடுங்கிக்கிட்டு, இனி என் பொருளைத் தொடாதேன்னேன்." பையன் அந்த மாதமே வேறு ஊரில் வேலை தேடிக்கொண்டு போய்விட்டானாம். அம்மாவிடம் மட்டும் பேசுவானாம்.

அங்கேயே செல்போனை எடுத்து மகனைக் கூப்பிட்டார். ஸ்பீக்கரில் போட்டதுகூட அவருக்குத் தெரியவில்லை.

"டேய், அந்த வண்டி... அது உன்னால உடையலடா. ஆயிலே மாத்தலையாம். இப்பதான் தெரிஞ்சுது."

எதிர்முனையில் "நான் அன்னிக்கே சொன்னேனேப்பா" என்று ஒரு குரல். அதோடு போன் அறுந்துவிட்டது.

மரக்கடைக்காரர் அதைக் காதில் வைத்தபடியே இருந்தார். தம்பி அவர் காலடியில் உட்கார்ந்துவிட்டான். எழுப்பிக் கூட்டிவர மழையக்காவுக்கு வெகுநேரமாயிற்று. வழியில் ஒரே ஒரு தடவை, "வண்டிதான்கா கெடும்னு நெனச்சேன்" என்றான்.

கடைசி வண்டி தேன்பெட்டிக்காரருடையது. பூப்பூக்கிற சரிவுகளுக்குத் தேனீப் பெட்டிகளை ஏற்றிப்போகும் மனிதர், அதிர்ந்து பேசமாட்டார். மழையக்கா கீழே நுழைந்து மூடியில் சாவியை வைத்தாள். வெண்ணெய் மாதிரி திரும்பியது. தட்டில் இறங்கிய ஆயிலைப் பார்த்ததும் அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. விரலில் எடுத்தால் நகம் தெரிகிறது, அவ்வளவு தெளிவு.

"இதை மாத்தியிருக்காங்கடா!" என்று உள்ளேயிருந்தே கத்தினாள்.

தேன்பெட்டிக்காரர் தயங்கித் தயங்கிச் சொன்னார். "நான்தான்மா. அஞ்சு வருஷமா நானே மாத்திக்கறேன். முதல் வருஷம் பட்டறையிலிருந்து வந்ததும் கீழ எட்டிப் பார்த்தேன். மூடி மேல என் ஓடைச்சேறு அப்படியே காஞ்சு கிடந்தது. கேட்டா தம்பி மனசு கஷ்டப்படுமேன்னு விட்டுட்டேன். மத்ததுல எல்லாம் நல்ல வேலைக்காரர். சின்னச் சின்ன வேலைக்கு அவர்கிட்டயே கொடுத்துக்கிட்டுதான் இருக்கேன்."

வெளியே நகர்ந்துவந்து எழுந்து நின்றாள். முகமெல்லாம் ஆயில்.

"அஞ்சு வருஷமாத் தெரியுமா உங்களுக்கு?"

"ஆமாம்மா."

"என் வண்டியும் இவன்கிட்டதான் விடறேன்னு தெரியும். வாரத்துக்கு ரெண்டு தடவை உங்க பெட்டிங்களைத் தாண்டித்தானே போறேன். கையை வேற ஆட்டுவீங்களே!"

 அவர் முகம் வெளிறிப்போனதை அவள் பார்த்தாள். இத்தனை வருடத்தில் அந்த எண்ணமே அவருக்கு வந்ததில்லை என்பது அப்போதுதான் புரிந்தது. நல்ல மனிதர். யார் மனதையும் நோகடிக்கக் கூடாது என்று நினைத்தவர். தம்பியின் பொய்யைக்கூட ஒருமாதிரி ஏற்றுக்கொண்ட அவளால் இந்த நல்லமனதை மட்டும் வெகுநாள் ஜீரணிக்க முடியவில்லை.

அதற்குப் பிறகு அந்தப் பத்துப் பேரில் நாலு பேர் பட்டறைப் பக்கமே வருவதில்லை. மரக்கடைக்காரரின் மகன் ஊருக்கு வந்தானா என்று கேட்க அவர்களுக்குத் தைரியமில்லை. தம்பி மனநல டாக்டர் ஒருவரிடம் போய்வருகிறான். முதல் இரண்டு தடவை பெண்டாட்டி வாசல் வரை கொண்டுபோய் விட்டாள். மூன்றாவது தடவை அவனே போனான். வண்டிக்கடியில் போவது இன்னும் முடியவில்லை. முடியாமலே போகலாம் என்று டாக்டரே சொல்லியிருக்கிறார்.

மழையக்கா தன் ஜீப்பின் பின் அச்சுக்கு வேறு பல்சக்கரம் போட்டுக்கொண்டாள். மூன்று நாள் வேலை. தம்பி சொல்ல, அவள் செய்தாள். அச்சுக்குள்ளிருந்து காற்று வெளியேறும் மூச்சுக்குழாயை நீளமாக்கி மேலே ஏற்றிக் கட்டினாள், இனி ஓடைத் தண்ணீர் உள்ளே போகாமலிருக்க. ஆனால் மனசு மட்டும் பழையபடி ஆகவில்லை. எதையும் தொட்டுப் பார்க்காமல் நம்ப முடியவில்லை. அலுவலகத்தில் தீயணைப்பு உருளையைக் கழற்றிப் பார்த்து, காலி என்று கண்டுபிடித்து மேலாளரைத் திணறடித்தாள். வீட்டில் காஸ் குழாய், மாடிப்படி ஆணி, கைப்பிடி எல்லாம் ஒரு ரவுண்டு போயிற்று. "என் மூக்குக்கண்ணாடியை மட்டும் விட்டுடு, அதுல திருகாணி இருக்கு" என்றார் வீட்டுக்காரர்.

ஞாயிற்றுக்கிழமைகளில் பட்டறைக்குப் போகிறாள். யாரும் கூப்பிடவில்லை, அவளாகவே போக ஆரம்பித்தாள். போன மாதம் ஒரு நாள், முன்பின் தெரியாத ஒருவர் பெரிய ஜீப் ஒன்றைக் கொண்டுவந்து நிறுத்தினார். அவள் உள்ளே இன்னொரு வண்டியின் கீழே இருந்தாள். வாசலில் தம்பியின் குரல் கேட்டது.

"எஞ்சின், பிரேக், வயரிங் நான் பார்ப்பேன் சார். கீழ படுத்துச் செய்யற வேலை என்னால முடியாது. ஒரு தடவை வண்டி மேல விழுந்துடுச்சு, அதுலயிருந்து முடியல. அதை என் அக்கா செய்வாங்க. பழைய ஆயிலையும் மூடியையும் உங்க கண்ணாலயே பார்த்துட்டுப் போங்க."

"யாரு செய்வாங்க?"

"அக்கா. அதோ, அந்தக் கால் அவங்களுதுதான்."

வந்தவர் குனிந்து பார்த்தார். வண்டிக்கடியிலிருந்து நரைத்த தலை ஒன்று வெளியே எட்டிப் பார்த்து, "நாலு சக்கரத்துக்கும் கட்டை கொடுத்துட்டு உட்காருங்க சார், வரேன்" என்றது. அவர் திறந்த வாய் திறந்தபடியே நின்றார்.